வில் வழுக்கினால் விரலை இறுக்காதீர்கள்

வார்னிஷ் பளபளக்கும் மர வில் ஒன்றைச் சென்னையின் மே மாதக் காலையில் எய்து பாருங்கள். முதல் சில அம்புகள் நன்றாகவே போகும். உடம்பு சூடேறி உள்ளங்கை கசியத் தொடங்கியதும், நாணை இழுக்க இழுக்க, வில்லைத் தாங்கும் கைக்குள் பிடி மெல்ல நகர்வது தெரியும். உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான். விரல்களை மடக்கி இறுக்குவார்கள். அம்பு ஒரு பக்கமாக விலகும். இன்னும் இறுக்குவார்கள். இன்னும் விலகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வில் பழக்குகிறேன். கோடையில் இந்த வழுக்கலைப் பற்றிக் கேள்வி வராத வாரமே இல்லை. எனக்கும் உள்ளங்கை சீக்கிரம் வியர்க்கும் உடம்புதான். அதனால் தோல், துணி, கயிறு, பொடி, டேப் என்று பலவற்றையும் என் வில்லிலேயே சுற்றியும் பூசியும் பார்த்திருக்கிறேன். என் முடிவு இதுதான்: பிடி கையோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வியர்வையை உறிஞ்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் போய் உட்கார உதவ வேண்டும். அவ்வளவு போதும்.

ஒலிம்பிக்கில் பார்க்கும் ரிகர்வ் வில்லில் அம்பைத் தாங்கத் தனி ரெஸ்ட் உண்டு. கைக்கேற்ற வடிவில் வார்த்த பிடி உண்டு. குறி பார்க்கும் கருவியும் உண்டு. மரபு வில்லில் இவை எதுவும் இல்லை. நீள்வில்லிலும் மூங்கில் வில்லிலும் குதிரைவீரர் வில்லிலும் பெரும்பாலும் அம்பு நம் கைமேலேயே தங்குகிறது. கை 3 மில்லிமீட்டர் கீழே நழுவினால் அம்பின் முன்பகுதியும் 3 மில்லிமீட்டர் கீழே போய்விடும். நாணில் அம்பு பூட்டும் இடம் மட்டும் மாறாமல் அங்கேயே இருக்கும். அம்பின் சாய்வு மாறி, அது மேலும் கீழும் ஆடியபடி பறக்கும். கை மேலே ஏறினாலும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். இதோடு இன்னொன்றும் நடக்கிறது. உள்ளங்கையின் அழுத்தம் விழும் இடம் நகரும்போது மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் இடையிலுள்ள சமநிலையும் கொஞ்சம் மாறுகிறது. ஆகவே மரபு வில்லில் பிடி வழுக்குவது வெறும் அசௌகரியம் இல்லை. அம்பு போகும் இடத்தையே அது மாற்றிவிடுகிறது.

வழுக்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எப்போது வழுக்குகிறது என்றுதான். நாணை இழுக்கத் தொடங்கும்போதே கை நகர்கிறதா, முழுக்க இழுத்து நிறுத்தியிருக்கும்போது மெல்ல ஊர்கிறதா, அம்பு போன பிறகு வில் கையிலிருந்து துள்ளுகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு.

இழுக்கத் தொடங்கும்போதே நகர்ந்தால் மணிக்கட்டின் கோணத்தில் கோளாறு. வில்லின் அழுத்தம் நேராக முன்கை எலும்புக்குள் போகாமல் சாய்வாகப் போகிறது. அந்த நிலையில் எதைச் சுற்றினாலும் வழுக்கத்தான் செய்யும். நிறுத்தியிருக்கும்போது ஊர்ந்தால் அது வியர்வை, அல்லது வழவழப்பான பரப்பு. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது. அம்பு போன பிறகு வில் துள்ளுவது வழுக்கலே இல்லை. தளர்வாகப் பிடித்த எந்த வில்லும் துள்ளும். அந்தத் துள்ளலுக்குப் பயந்துதான் பலர் விரலை இறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு மருந்து ஒரு ஷூ லேஸ். ஒரு சாண் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, இரண்டு முனையிலும் சுருக்கு வளையம் போட்டு, ஒன்றைக் கட்டைவிரலிலும் மற்றதை ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டுங்கள். கயிறு வில்லுக்கு முன்புறமாகப் போகட்டும். வில்லாளிகள் இதை ஃபிங்கர் ஸ்லிங் என்பார்கள். எங்கள் மைதானத்துச் சிறுவன் ஒருவன், “விரலை விட்டா வில்லு கீழ விழுந்துடும்க்கா” என்று ஒவ்வொரு அம்புக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். “விழட்டும்டா, கயிறு பிடிச்சுக்கும்” என்று மாட்டிவிட்டேன். கயிறு தாங்கும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்த பிறகு விரல்கள் தாமாகத் தளர்ந்தன. பிடியைத் தொடாமலேயே அவன் வழுக்கலில் பாதி தீர்ந்துவிட்டது. போட்டியில் கலந்துகொள்பவர்கள் தங்கள் பிரிவில் இதற்கு அனுமதி உண்டா என்று விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கை வைக்கும் முறை. எதிரே வரும் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர்போல் கையை நீட்டுங்கள். அந்தக் கையைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி, விரல் கணுக்கள் சுமார் 45 டிகிரி சாயும்படி வில்லை வையுங்கள். அழுத்தம் கட்டைவிரலின் அடிச்சதையில், ஆயுள் ரேகைக்கு உட்பக்கமாக விழ வேண்டும். ரேகையைத் தாண்டி உள்ளங்கையின் மறுபாதிக்குப் போகக் கூடாது. போனால் வில் முறுக்கும். மற்ற விரல்கள் பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நான் செய்வது இது: பிடியின் உட்பக்கத்தில் திருநீற்றை மெல்லியதாகத் தடவி, வழக்கம்போல் இழுத்து, எய்யாமல் மெதுவாக இறக்கிவிட்டு, உள்ளங்கையைப் பார்ப்பேன். வெள்ளைத் தடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வில் உட்கார்ந்திருக்கிறது. தடம் தெளிவான கோடாக இருந்தால் கை நகரவில்லை. இழுபட்டுத் தேய்ந்திருந்தால் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதும் அதிலேயே தெரியும். குங்குமமும் இதைக் காட்டும். ஆனால் மரத்திலும் தோலிலும் அதன் கறை தங்கிவிடும்.

தாங்க முடியாத பவுண்டில் வில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இழுவிசை அதிகமானால் தோள் மேலே தூக்கும், முழங்கை பூட்டிக்கொள்ளும், கடைசியில் விரல்கள் இறுகும். 40 பவுண்ட் வில்லை ஒதுக்கிவைத்துவிட்டு 25 பவுண்டில் கொஞ்ச காலம் கையைப் பழக்குவது எந்த டேப்பையும்விட நல்ல வைத்தியம்.

இனி வியர்வை. உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. அவை வெயிலுக்கு மட்டும் சுரப்பதில்லை, மனப் பதற்றத்துக்கும் சுரக்கும். பயிற்சியில் உலர்ந்திருக்கும் கை போட்டியில் நனைவது இதனால்தான். எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்கையில் கிடையாது. அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் அது வெளியிலிருந்துதான் வந்திருக்கும். நம் ஊரில் அது எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தேன். தலையிலிருந்து! தேங்காய் எண்ணெய் தடவிய முடியை அம்புக்கு அம்பு ஒதுக்கிவிட்டுக்கொள்கிறார்கள். முகத்தில் பூசிய சன்ஸ்கிரீன், காலையில் சாப்பிட்ட வடையின் எண்ணெய் எல்லாம் பிடிக்கு வந்து சேர்கின்றன. எய்வதற்கு முன் சோப்பாலோ சீயக்காயாலோ கை கழுவுவது, தலையில் துண்டு கட்டுவது, இடுப்பில் ஒரு பருத்தித் துணியைச் செருகிக்கொண்டு அம்புக்கு அம்பு துடைப்பது: செலவே இல்லாத இந்த மூன்றையும் செய்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

கை முழுக்க உலர்ந்திருந்தால் பிடிப்பு கூடும் என்று நினைப்பது சரியில்லை. காய்ந்துபோன தோல் விறைப்பாக இருக்கும், பரப்போடு முழுதாகப் படியாது. லேசான ஈரம் தோலை மிருதுவாக்கிப் படியவைக்கும், பிடிப்பு கூடும். ஈரம் அதையும் தாண்டி ஒரு படலமாக நின்றால்தான் வழுக்கும். ஆகவே வேண்டியது மிஞ்சிய ஈரத்தை எடுப்பது மட்டுமே. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் இதற்கு உதவாது. டால்க் இயல்பிலேயே வழவழப்பானது, தண்ணீரையும் அதிகம் உறிஞ்சாது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுபவர்களும் பாறை ஏறுபவர்களும் பூசும் வெள்ளைப் பொடி வேறு. அது மெக்னீசியம் கார்பனேட், உண்மையாகவே ஈரத்தை இழுக்கும். ஆனால் அள்ளிப் பூசினால் அதுவும் உருளும் பொடியாகி வழுக்கும். உள்ளங்கையில் தேய்த்து, தட்டி உதறி, வெறும் மங்கல் மட்டும் மிஞ்சும்படி விடுவதுதான் அளவு.

இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய வழிகாட்டி ஜப்பானியரின் வில்வித்தையான கியூதோ. அவர்களுடைய யூமி வில் 2 மீட்டருக்கும் மேல் நீளமானது. கைப்பிடி நடுவில் இருக்காது, கீழிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். பிடியைச் சுற்றி மான் தோல் நாடா ஒட்டுவார்கள். அதன் பெயர் நிகிரிகவா. தேய்ந்தால் பிரித்துவிட்டுப் புதிது ஒட்டுவார்கள். பிடி மெலிதாக இருந்தால் தோலுக்கு அடியில் ஒரு பட்டை வைத்துக் கனத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அம்பு போனதும் வில் கைக்குள்ளேயே சுழன்று, நாண் முன்கையின் வெளிப்புறம் வந்து நிற்கும். யூகாயேரி எனும் இந்தச் சுழற்சி வேண்டுமென்றால் பிடி கையோடு ஒட்டவே கூடாது. அதேநேரம் இழுக்கும்போது நழுவவும் கூடாது. இரண்டையும் சமாளிக்க வில் பிடிக்கும் கையில் அவர்கள் தடவுவது ஃபுதெகோ. அது நெல் உமியைச் சுட்டு எடுத்த பொடி.

அதாவது உமிக்கரி. நம் பாட்டிமார் பல் விளக்கிய அதே பொருள். நான் அதை மையாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, ஒரு சிமிழில் வைத்திருக்கிறேன். ஈரம் வாங்குகிறது, ஒட்டுவதில்லை, கை பிடிக்குள் தானாகச் சரிந்து தன் இடத்தில் உட்கார விடுகிறது. கை கறுப்பாகும், சட்டையில் பட்டால் கறை. அதைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு இதைவிட மலிவான நல்ல பொடி எனக்குத் தெரியாது. கியூதோவில் பிசின் பொடியும் உண்டு. கிரிகோ என்பார்கள். ஆனால் அது நாண் இழுக்கும் வலது கையின் உறைக்கு. வில் பிடிக்கும் கைக்கு உறிஞ்சும் பொடி, நாண் இழுக்கும் உறைக்குப் பிடிக்கும் பொடி என்று அவர்கள் பிரித்து வைத்திருப்பதில் பெரிய அறிவு இருக்கிறது. பிசினை வில்லின் பிடியில் தடவும் பழக்கம் இங்கே சிலரிடம் பார்க்கிறேன். முதல் அரைமணி நேரம் அற்புதமாக இருக்கும். பிறகு வெயிலில் இளகி, மைதானத்து மண்ணெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டும் பிடியை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், அது கையின் தவறைப் பூட்டிவைக்கிறது. கொஞ்சம் கோணலாகக் கை வைத்து இழுத்தால், சாதாரணப் பிடியில் அழுத்தம் ஏற ஏறக் கை சரிந்து சரியான இடத்துக்கு வர வாய்ப்பு உண்டு. ஒட்டும் பிடியில் தோல் முறுக்கியபடி அப்படியே நிற்கும். நாணை விட்டவுடன் அந்த முறுக்கு அவிழும், வில் திரும்பும். பேட்மிண்டன் கடையில் விற்கும் ஓவர்கிரிப் வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தொட்டால் பசைபோல் பிடிப்பது, மற்றது துணிபோல் உலர்ந்து ஈரம் உறிஞ்சுவது. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். பழைய சைக்கிள் டியூபையும் கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறையையும் மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ரப்பர் ஈரத்தை உறிஞ்சாது, கையை மேலும் வியர்க்க வைக்கும். உலர்ந்திருக்கும்வரை பூட்டிவைக்கும், நனைந்தால் ஒரேயடியாக வழுக்கும். வில்லுக்கு இரண்டுமே ஆகாது.

எதையும் சுற்றுவதற்கு முன் மரத்தைப் பாருங்கள். கடையில் வாங்கும் வில்களில் பெரும்பாலும் பளபளப்பான பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். பார்வைக்கு அழகு, ஈரக் கைக்குக் கண்ணாடி. 320 அல்லது 400 எண் உப்புத்தாளால் கை படும் இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்து மங்கலாக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பூச்சின் பளபளப்பைத்தான் எடுக்கிறோம், மரத்தை இல்லை. வில்லின் தண்டுகளில், குறிப்பாக ஃபைபர் கிளாஸ் அடுக்கின்மேல், உப்புத்தாள் படவே கூடாது. பூச்சை முழுக்க எடுத்துவிட்டீர்கள் என்றால் ஆளி விதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மரம் வியர்வையைக் குடிக்கும்.

வெறும் மரத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் 170க்கும் மேற்பட்ட நீள்வில்கள் கிடைத்தன. யூ மரத்தில் செதுக்கியவை. அவற்றின் இழுவிசை 100 பவுண்டுக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிடிக்கென்று தனியாக எதுவும் சுற்றாத வெறும் மரம்தான் அவை. அந்தக் குளிர்நாட்டு வில்லாளிகளுக்கு நம் வியர்வை இல்லை என்பது உண்மை. ஆனாலும் அவ்வளவு பெரிய விசையை வெறும் மரத்தில் தாங்க முடிந்ததற்குக் காரணம் பழகிய கைதான்.

மூங்கில் வில்லின் சிக்கல் தனி. போட்டிகளின் இந்தியன் ரவுண்ட் பிரிவில் பிள்ளைகள் எய்யும் வில் அதுதான். மூங்கிலின் வெளித்தோலில் மெழுகும் சிலிக்காவும் இருக்கின்றன. இயற்கையே பூசிய வார்னிஷ் அது. வழுக்கும், பசையும் அதில் பிடிக்காது. டேப்பை எத்தனை முறை சுற்றினாலும் மாலைக்குள் கழன்று திரும்புவதற்கு இதுவே காரணம். பிடிக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். நாரை அறுக்கும் அளவுக்குப் போகக் கூடாது. பிறகு பருத்தி நாடாவைக் கொஞ்சம் நனைத்து இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டால், காய்ந்ததும் கவ்விக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளின் வில்களுக்கு நான் செய்துதருவது இதைத்தான். அழுக்கானால் அவிழ்த்துத் துவைத்து மறுபடி சுற்றலாம்.

என் சொந்த வில்லுக்குத் தோல். அதைத் தேடிப் பெரியமேட்டுக்குப் போனேன். சென்னையில் தோல் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். கடையிலிருந்த பெரியவர், “என்னம்மா தைக்கப் போறீங்க, பர்ஸா?” என்றார். வில்லுக்குப் பிடி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து உள்ளே போய் மூன்று வகை எடுத்துவந்து போட்டார். “கை வேர்க்கும், அப்படித்தானே? அப்ப இந்தப் பளபளப்பு வேணாம்மா. பட்டை பதம் போட்டது எடுங்க, வேர்வையைக் குடிக்கும். உள்பக்கத்தை வெளிய வச்சுத் தைங்க.”

“உள்பக்கம் சொரசொரன்னு இருக்குமே, பாய்?”

“அதுதாம்மா பிடிக்கும். மேல் பக்கம் அழகுக்கு, உள் பக்கம் வேலைக்கு.”

அவர் சொன்னது அப்படியே சரி. குரோமியத்தில் பதப்படுத்திய தோல் மிருதுவாக இருக்கும், ஆனால் இழுபடும். பிடி நாளடைவில் தொளதொளக்கும். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தியது ஈரத்தை வாங்கும், நனைத்து இழுத்துத் தைத்தால் வில்லின் வடிவத்துக்கே இறுகிக் காயும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றது இந்த மரபுதான். வில்லுக்கு வேண்டிய தோல் நம் கையெட்டும் தூரத்திலேயே கிடைப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தைப்பது கடினமில்லை. பிடியின் சுற்றளவை நூலால் அளந்து, அதைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைவாகத் தோலை வெட்டுங்கள். கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். இரு ஓரங்களிலும் சம இடைவெளியில் துளையிட்டு, தோலை நனைத்துப் பிழிந்து, மெழுகு தடவிய நூலால் இரண்டு ஊசி வைத்துக் குறுக்குமறுக்காகத் தைத்து இறுக்குங்கள். தையல் குறியைப் பார்த்த பக்கம் வரட்டும். உள்ளங்கை அழுத்தும் பக்கம் வந்தால் ஒவ்வொரு அம்புக்கும் உறுத்தும். பசை போட வேண்டாம் என்பது என் கட்சி. தையலே பிடித்துக்கொள்ளும். வியர்வை ஊறி வீணான தோலை ஒருநாள் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். செருப்புக்குப் போடும் பசையில் ஒட்டியிருந்தால் மரத்துப் பூச்சும் சேர்ந்து வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். சுற்றும் பொருள் எதுவானாலும் அம்பு உரசிப் போகும் பக்கவாட்டில் அது ஏறக் கூடாது. அங்கே ஒரு மில்லிமீட்டர் கனம் கூடினாலும் அம்பு வில்லின் நடுக்கோட்டிலிருந்து அவ்வளவு விலகி நிற்கும். இதுவரை பொருந்திவந்த அம்பு திடீரென்று விறைப்பானதுபோல் நடந்துகொள்ளும். பிடி மாற்றிய பிறகு அம்பு பக்கவாட்டில் ஒதுங்குகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

பரப்பைவிட எனக்கு அதிகம் பயன் தந்தது தோலுக்கு அடியில் வைத்த ஒரு சின்ன மேடு. வண்டி மெக்கானிக்குகள் கேஸ்கெட் வெட்டும் கார்க் ஷீட் 3 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும். அதை விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, ஆயுள் ரேகைக்கு உட்பக்கம் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் வைத்து அதன்மேல் தோலைத் தைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வில்லைப் பிடித்தாலும் கை அங்கேயே போய் நிற்கிறது. கை நகரத் தொடங்கினால் உடனே உணர முடிகிறது. நீள்வில் செய்பவர்கள் மரத்திலேயே இப்படி ஒரு சிறு பள்ளமும் மேடும் செதுக்குவது உண்டு. சீனத்தின் சிங் வம்சக் காலத்து வில்களில் பிடியில் கார்க் ஒட்டியவற்றைக் காணலாம். கார்க் இலேசானது, வெயிலில் சூடாகாது. இதைச் செய்யும்போது மேட்டைத் தற்காலிகமாக டேப் போட்டு ஒட்டி, சில பயிற்சிகள் எய்து, திருநீற்றுத் தடம் பார்த்து இடத்தை உறுதிசெய்த பிறகே தையுங்கள். அவரவர் கை அவரவருக்கு.

சணல் கயிறும் பருத்திக் கயிறும் சுற்றிப் பார்த்தேன். வரிவரியாக நல்ல பிடிப்பு, ஆனால் 40 பவுண்டில் அடிச்சதை நோகும். கையுறை விரும்புபவர்கள் மெல்லிய தோல் கையுறை போடலாம். கட்டைவிரல் கணுவை அம்பின் இறகு கீறாமலும் அது காக்கும். பருத்திக் கையுறை வேண்டாம், வார்னிஷ்மேல் அது சறுக்கும்.

தோல் பிடிக்குப் பராமரிப்பு உண்டு. வியர்வையிலுள்ள உப்பு காய்ந்து படிந்து, நாளடைவில் சொரசொரப்பான பக்கமே வழவழப்பாகிவிடும். எய்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கியால் தேய்த்தால் படிந்த இழைகள் எழும். அப்படியும் வழுக்கினால் உப்புத்தாளால் ஒரு தடவை இழுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலில் பூஞ்சணம் பூக்கும். வில்லை உறைக்குள் போட்டு மூடிவைக்காமல் காற்றாட வையுங்கள். அதற்காக வெயிலில் நிறுத்தவும் வேண்டாம், கதவு மூடிய காருக்குள் விடவும் வேண்டாம். அடுக்கி ஒட்டிய வில்லின் பசை அந்தச் சூட்டில் இளகும்.

சிலருக்கு இவை எதுவும் போதாது. குளிர்ந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளங்கையில் சொட்டும். அது மருத்துவர்கள் கவனிக்கும் ஒரு நிலை. தோல் மருத்துவரிடம் போனால் இரவில் பூசும் அலுமினியம் குளோரைடு கரைசல் முதல் பல வழிகள் சொல்வார். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் போட்டிப் பதற்றத்துக்கென்று யாரோ சொன்னதைக் கேட்டு பீட்டா பிளாக்கர் மாத்திரை போடாதீர்கள். நடுக்கத்தைக் குறைக்கும் அந்த வகை மருந்துகள் வில்வித்தையில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையால் தடைசெய்யப்பட்டவை. வேறு நோய்க்காக அதைச் சாப்பிடுபவர்கள் போட்டிக்கு முன்பே மருத்துவரிடமும் சங்கத்திடமும் பேசிவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் கேட்டால் நான் தரும் வரிசை இது: ஷூ லேஸ், கை கழுவுதல், இடுப்பில் துணி, திருநீற்றுத் தடம், உப்புத்தாள். இதற்கெல்லாம் ஐம்பது ரூபாய் ஆகாது. இவற்றுக்குப் பிறகும் வழுக்கினால் தோலுக்குப் போகலாம்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும், முழுக்க இழுத்து நிற்கும்போது கை ஊர்வதை ஒருநாள் உணர்வீர்கள். அந்த அம்பை எய்யாதீர்கள். இழுத்த நாணை அம்பில்லாமல் விட்டுவிடவும் கூடாது, வில் உடையும். நாணை மெதுவாக முன்னே கொண்டுபோய் இறக்குங்கள். அம்பைக் கழற்றி, கையைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.